ஒரு சோறு பதமாகுமா?

429,49,67,297.

இந்த எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு! இது பகா எண்ணா, பகு எண்ணா?

உங்களுக்குத் தெரிந்த சோதனைகளைச் செய்து பாருங்கள். கடைசி இலக்கம் 7. எனவே 2, 5 ஆகியவற்றால் வகுபடாது. இலக்கங்களின் கூடுதல் 59; எனவே 3-ஆலும் வகுபடாது. 7, 11, 13 ஆகியவையும் மீதியை விடுகின்றன. பகா எண் என்றே தோன்றுகிறது அல்லவா?

பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவும் அப்படித்தான் நம்பினார். அவர் எடுத்துக்கொண்ட எண் வரிசை இது:

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65,537

அடுக்கு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பதைக் கவனியுங்கள். ஐந்துமே பகா எண்கள். இவ்வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தாம் என்று அவர் 1640-இல் கருதினார். ஆனால் அதை நிரூபிக்க அவரால் இயலவில்லை.

ஆறாவது எண் 2³² + 1. அதுவே நாம் மேலே கண்ட எண்!

இதைச் சோதிக்க 65,536-க்குள் உள்ள 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் என்ற மேதை சுருக்கு வழி ஒன்றைக் கண்டார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641... முதல் நான்கும் வகுக்கவில்லை. ஐந்தாவது வகுத்துவிட்டது!

429,49,67,297 = 641 × 67,00,417

1732-இல் ஃபெர்மாவின் கருத்து இவ்வாறு தகர்ந்தது. தாளை எடுத்து நீங்களே பெருக்கிச் சரிபாருங்கள். இவ்விரு காரணிகளும் பகா எண்கள். ஆகவே இந்த எண்ணுக்கு 1-ஐயும் தன்னையும் சேர்த்து நான்கே வகுத்திகள்.

மற்றொரு விந்தை: 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தையும் பெருக்கினால் 429,49,67,295 கிடைக்கும். நம் எண்ணுக்குச் சரியாக 2 குறைவு!

ஆறாவது எண்ணுக்கு அடுத்து வரும் 27 எண்களும் பகு எண்களே என்று இன்று தெரியும். அந்த ஐந்தைத் தவிர, இவ்வரிசையில் வேறொரு பகா எண் இதுவரை கிடைக்கவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சமையலுக்கு அது சரி. கணிதத்திலோ ஐந்து சோறும் போதாது, நிரூபணம் வேண்டும்!