டயட் என்றால் பட்டினியா?



"நான் டயட்ல இருக்கேன்க்கா, எனக்குச் சோறு வேண்டாம்." "டாக்டர் டயட் சொல்லிட்டாரு, இனிமே ராத்திரிச் சாப்பாடு கிடையாது." குழுக் கூட்டத்திலும் பஸ்ஸிலும் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கடைக்குப் போனால் டயட் மிக்சர், டயட் பிஸ்கட் என்று தொங்குகிறது. டயட் என்றால் என்ன? சாப்பிடாமல் கிடப்பதா? இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் சில பேருக்கு உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

வார்த்தையின் பொருள்

டயட் என்பது ஆங்கில வார்த்தை. இதற்கு வேர் 'வாழும் முறை' என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல். பட்டினி என்ற பொருள் அதில் இல்லை.

இன்று ஆங்கிலத்தில் இதை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, ஒருவர் தினமும் சாப்பிடும் சாப்பாடு மொத்தமும் டயட்தான். மாட்டுக்குப் புல்லும் வைக்கோலும் டயட். இரண்டாவது, உடம்பு இளைக்கவோ நோய்க்காகவோ வகையும் அளவும் பார்த்துச் சாப்பிடுவது. அப்படிச் சாப்பிடுவதற்கு 'டயட்டிங்' என்றும், சாப்பிடுபவருக்கு 'டயட்டர்' என்றும் பெயர். என்ன சாப்பிடலாம் என்று சொல்லிக்கொடுக்கப் படித்தவர் 'டயட்டீசியன்'.

நம்மிடம் இதற்கு நெருக்கமான சொல் 'பத்தியம்'. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு போடுகிறோமே, பட்டினியா போடுகிறோம்? எதைக் கொடுக்கலாம், எதை விட வேண்டும், எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறோம். டயட்டும் அப்படித்தான்.

டயட்டுக்குப் பேர்போன ஒருவர்

லண்டனில் வில்லியம் பேண்டிங் என்று ஒருவர் இருந்தார். இறுதிச் சடங்குகள் நடத்திக் கொடுப்பது அவர் தொழில். எடை சுமார் 92 கிலோ. குனிந்து செருப்புக்கு முடி போடக்கூட முடியாமல் கஷ்டப்பட்டார். ஒரு மருத்துவர் சொன்னபடி ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றைக் குறைத்தார். சுமார் ஒரு வருடத்தில் 21 கிலோ இளைத்தார். 1863-ல் அதை ஒரு சிறு புத்தகமாக எழுதினார். அதன் பிறகு 'பேண்டிங்' என்றாலே ஆங்கிலத்தில் டயட் இருப்பது என்று ஆகிவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை. தினமும் நான்கு வேளை சாப்பிட்டார். சாப்பாட்டின் வகையைத்தான் மாற்றினார்.

மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியா?

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் இரத்தத்தில் சர்க்கரையை இறக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு 70-க்கும் கீழே போய்விடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், தலை சுற்றும், பேச்சு குழறும்.

அப்போது உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுக்கலாம். தெளிந்ததும் சாப்பிட வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-க்குப் போன் செய்யுங்கள்.

விரதம் இருக்க வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு இருங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

குண்டாக இருந்தாலும் இரத்தம் குறையலாம்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. அதே ஆய்வில் நூற்றுக்கு 40 பெண்களுக்கு எடை அதிகம். "நான் நல்லா குண்டாத்தானே இருக்கேன், எனக்கென்ன குறை" என்று இருந்துவிட முடியாது. எடையைக் குறைக்கிறேன் என்று பருப்பு, கீரை, முட்டையை நிறுத்தினால் இருக்கிற இரத்தமும் குறையும்.

எடை அதிகமா என்று பார்க்கத் தையல் டேப் போதும். தொப்புளை ஒட்டி வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனம் தேவை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எடை குறைக்கும் டயட் பக்கமே போகக் கூடாது.

தட்டில் என்ன மாற்றலாம்?

* பாதித் தட்டு காய்கறி, கீரை. கால் தட்டு சோறு அல்லது சப்பாத்தி. மீதிக் கால் தட்டு பருப்பு, பயறு, முட்டை, மீன்.
* "சோறுதானே கெடுதல், சப்பாத்தி எத்தனை வேணா சாப்பிடலாம்" என்பது தவறு. 100 கிராம் அரிசி, கோதுமை மாவு, கேழ்வரகு எதை எடுத்தாலும் 320 முதல் 360 கலோரி வரை இருக்கிறது. கலோரி என்பது சாப்பாடு தரும் சக்தியின் அளவு. எதைச் சாப்பிட்டாலும் அளவு முக்கியம்.
* வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய சோற்றை, வீணாகப் போகிறதே என்று நாம்தான் சாப்பிடுகிறோம். குழம்பும் காயும் அதற்குள் தீர்ந்திருக்கும். உங்கள் பங்குக் காயை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்

முன்பக்கம் 'டயட்' என்று இருந்தால் மட்டும் போதாது. பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருக்கும். பெரும்பாலான பிஸ்கட்டுகளில் 450-ஐத் தொடும். 'ஷுகர் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அதில் மாவும் எண்ணெயும் இருக்கலாம். அந்தக் காசுக்கு நாலு முட்டையோ ஒரு கட்டுக் கீரையோ சுண்டலோ வாங்கினால் வீட்டுக்கே ஆகும்.

டாக்டரிடம் கேளுங்கள்

"டயட்ல இருங்கம்மா" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எதைக் குறைக்கணும்? எதைச் சேர்க்கணும்? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? எத்தனை நாளைக்கு? இந்த நான்கையும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இதைப் படித்துக் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்கும் உறுப்பினர் யாராவது இருந்தால், அன்றைக்கே அவரிடம் பேசுங்கள்.