பழைய சைக்கிளின் நிலையும் விலையும்

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் பழைய வீடுகளின் தாழ்வாரத்தில் கறுப்புச் சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்பதை இன்றும் காணலாம். பட்டுக்கூடு மூட்டையும் பால் கேனும் நூல் சிப்பமும் சுமந்து குடும்பத்தைக் காத்த வண்டி அது. 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்தே டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. அதன் பின்னர் மிதிவண்டி சிறிது சிறிதாக மூலைக்குப் போயிற்று.

எல்லைக்கு அப்பால் பெங்களூரில் இத்தகைய வண்டிகளைத் தேடிச் சேர்ப்போர் உளர். இங்கோ விவரமறியாத அங்கத்தினர் அதனை இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுகிறார். வேறொருவர் புதுவர்ணத்தில் மயங்கி, பிரேம் விரிந்த வண்டியை அதிக விலைக்கு வாங்குகிறார். இவ்விருவகை நஷ்டத்தையும் தவிர்க்க, அரைமணி நேரப் பரிசோதனையே போதுமானது.

பெயரும் வயதும்

பெயரைக் கண்டு விலை பேசுதல் தவறு. ஹெர்குலிஸ் என்ற பெயர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தது. 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அதே பெயருடைய வண்டிகளைச் சென்னையை அடுத்த அம்பத்தூரில் செய்தது. ராலே வண்டி நாட்டிங்காமிலும் செய்யப்பட்டது. வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே ஆலையிலும் செய்யப்பட்டது. உழைப்பில் இவை ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. ஆயினும் சேகரிப்போர் சீமை வண்டிக்கே கூடுதல் விலை தருவர்.

பற்சக்கரத்தில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருத்தல் ராலேயின் அடையாளம். ஆனால் பற்சக்கரம் கழற்றி மாற்றக்கூடிய உறுப்பு. அது ஒன்றே சான்றாகாது. பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேக ஹப் இருப்பின், அதன் மேல் செய்த ஆண்டைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. முற்காலத்தில் ஊராட்சியும் நகராட்சியும் சைக்கிள் வரி வாங்கிக்கொண்டு கொடுத்த உலோக வில்லை எங்கேனும் ஒட்டிக்கொண்டிருந்தால், அதுவும் வயதைக் கூறும்.

பிரேமே உயிர்

மற்ற உறுப்புகள் யாவும் மாற்றத்தக்கவை. பிரேம் கெட்டால் வண்டி கெட்டது. ஆகவே முதலில் பிரேமைத் துடைத்து வெயிலில் நிறுத்திப் பாருங்கள். குழாய்கள் கூடும் பொருத்துகளில் மயிரிழை விரிசல் உண்டா? ஹேண்டில் குழாயை ஒட்டி, சாய்வுக் குழாயின் அடிப்புறத்தில் வர்ணம் சுருங்கியிருக்கிறதா? அவ்வாறு சுருங்கியிருந்தால் வண்டி முன்புறம் மோதியிருக்கிறது என்பது பொருள். பாரம் சுமந்த வண்டியில் கேரியருக்குக் கீழுள்ள பின்குழாய்களை இருமுறை பார்க்க வேண்டும்.

நேர்த்தன்மையை அறிய நூலே போதும். நெசவாளருக்கு இதனைச் சொல்லவும் வேண்டுமோ! பின்அச்சு பொருந்தும் இடத்தின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாயிருந்தால் பிரேம் நேராக உள்ளது. வேறுபட்டால் கோணியிருக்கிறது. சீட்டுத் தண்டை ஏற்றி இறக்கவும் முயலுங்கள். அது துருவால் இறுகியிருந்தால் எடுப்பது எளிதன்று.

சக்கரமும் பிரேக்கும்

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி விடுங்கள். பால்ஸும் கோனும் நன்றாயிருந்தால், வால்வுள்ள கனமான பக்கம் கீழே வந்து, சற்று ஊசலாடி நிற்கும். இடையில் சிக்கி நின்றாலும், பக்கவாட்டில் ஆடினாலும் ஓவராயில் தேவை. பழைய சீமை முறை வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் இருக்கும். எண்ணிப் பார்ப்பதில் குற்றமில்லை.

செயினைப் பன்னிரண்டு அங்குலம் அளந்து பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, பல்லும் தேய்ந்திருக்கக்கூடும்.

கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தைத் தொட்டு நிறுத்துபவை. அங்கு துருவோ பள்ளமோ இருந்தால் பிரேக் பிடிக்காது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். சூளகிரியைத் தாண்டி மேலுமலைச் சரிவில் இறங்குபவருக்குப் பிரேக் உயிர்க்காவல். இதில் சிக்கனம் பாராட்டலாகாது.

விலை கணிக்கும் முறை

நல்ல நிலையிலுள்ள அத்தகைய வண்டி என்ன பெறும் என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துக்கொள்ளுங்கள். அத்தொகையிலிருந்து சீர்செய்யும் செலவைக் கழியுங்கள், எஞ்சுவதே நியாயவிலை. உதாரணமாக 6,000 ரூபாய் பெறும் வண்டிக்கு டயர், ட்யூப் வகையில் 1,200, செயின், பிரீவீல் வகையில் 600, ஓவராயில் கூலி 700 ஆகுமென்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 2,500, கொடுக்கத்தக்கது 3,500. பிரேமில் விரிசல் கண்டால் இக்கணக்கே வேண்டா, வண்டியை விட்டுவிடுங்கள்.

விற்பவருக்கும் ஒரு சொல். பழைய வர்ணத்தையும், தோல் சீட்டையும், டைனமோவையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுமெருகு ஏற்றாதீர்கள். சேகரிப்போர் விரும்புவது அந்தப் பழமையையே. துடைத்து எண்ணெயிட்டால் போதும்.

இறுதியாக, பிரேமில் பொறித்த எண்ணை ரசீதில் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். களவுப் பொருளை அறியாமல் வாங்கி அலைக்கழியும் துன்பத்தை அது தவிர்க்கும். குறையைச் சொல்லி விற்றவர் சில நூறு ரூபாய் குறைவாகப் பெறலாம். ஆனால் நாளையும் அதே சந்தையில் தலைநிமிர்ந்து நிற்பவர் அவரே.