மூக்கில் ஒரே பக்கம் அடைப்பு, ரத்தம் வருதா? சைனஸ் புற்றுநோய்க்கு ஆபரேஷன் எப்படி நடக்கும்?

சளி பிடித்தால் மூக்கு மாறி மாறி அடைக்கும். ஆனால் ஒரே பக்கம் மட்டும் வாரக்கணக்கில் அடைத்து, அதே பக்கம் ரத்தம் கலந்த சளியும் வந்தால்? ‘சைனஸ்தானே’ என்று விட்டுவிடாதீங்க. அரிதாக, அது மூக்கு அல்லது சைனஸ் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆபரேஷன் சின்னதா, பெரிதா என்பது முடிவாகும்.

ஏன் தாமதமாகத் தெரிகிறது?

கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுவே, மூக்கின் பின்புறம் என முக எலும்புகளுக்குள் 4 ஜோடி காற்றறைகள் உள்ளன. இவைதான் சைனஸ். உள்ளே காலி இடம் இருப்பதால், கட்டி வளர்ந்தாலும் ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காது. ஆனால் மேலே மூளை, பக்கத்தில் கண், கீழே மேல்வரிசைப் பற்கள். சிக்கலே இங்கதான்.

யாருக்கு ரிஸ்க்?

மரத்தூள், தோல் தூள் இரண்டையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பட்டியலிட்டுள்ளது. 1960களில் இங்கிலாந்தில் மரச்சாமான் தொழிலாளர்களிடம் இந்தத் தொடர்பு கண்டறியப்பட்டது. தச்சு வேலை, தோல் தொழிலில் இருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

என்னென்ன ஆபரேஷன்?

முதலில் எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், சதைப் பரிசோதனை. சி.டி. ஸ்கேன் எலும்பு அரிப்பைக் காட்டும். எம்.ஆர்.ஐ., எது கட்டி, எது தேங்கிய சளி என்று பிரித்துக் காட்டும்.

* மூக்கு வழியாக: கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கில் நுழைத்துக் கட்டியை அகற்றுவார்கள். முகத்தில் தழும்பு இருக்காது. ஆனால் எல்லாக் கட்டிக்கும் இது பொருந்தாது.

* முகம் வழியாக: கட்டி மேல்தாடையைப் பிடித்திருந்தால் மூக்கோரமாகவோ, மேலுதட்டுக்கு உள்பக்கமாகவோ கீறி, தாடை எலும்பின் ஒரு பகுதியை எடுப்பார்கள். அண்ணத்தில் ஓட்டை விழுந்தால், சாப்பாடு மூக்குக்குள் ஏறும், பேச்சு குழறும். அதனால் பல்செட் மாதிரி ஒரு தகடு வைத்து அடைப்பார்கள். அல்லது உடலின் வேறு இடத்திலிருந்து சதை, எலும்பு எடுத்துப் பொருத்துவார்கள்.

* மூளைப் பக்கமிருந்து: கட்டி மண்டையோட்டின் அடித்தளத்தைத் தொட்டுவிட்டால், இ.என்.டி. டாக்டரும் மூளை அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து மேலிருந்தும் கீழிருந்தும் அகற்றுவார்கள்.

கண்ணை எடுக்க வேண்டி வருமா?

எல்லோருக்கும் இல்லை. கண்குழி எலும்பு மட்டும் அரித்திருந்தால் பெரும்பாலும் கண்ணைக் காப்பாற்ற முயல்வார்கள். கண்ணுக்குள்ளேயே ஆழமாகப் பரவியிருந்தால்தான் அந்த முடிவு.

ஆபரேஷனோடு முடிந்ததா?

நோய் முற்றியிருந்தால் ரேடியேஷனும், சிலருக்கு கீமோவும் தேவைப்படும். மீண்டும் வர வாய்ப்பு இருப்பதால் தொடர் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

ஒருபக்க அடைப்போ ரத்தக் கசிவோ 2, 3 வாரம் தாண்டினால் இ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்க. கன்னம் மரத்துப்போவது, காரணமின்றி மேல் பல் ஆடுவது, கண் பிதுங்குவது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது இருந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீங்க.