வண்டி ஏன் நின்றது?

நுழையும் முன்
பழுது எதுவென அறியாமல் உதிரிப்பாகங்களை மாற்றுவது வீண் செலவு. ஒவ்வொன்றாகச் சோதித்து, காரணத்தைக் கண்டறிந்து, பின்னர் சரிசெய்வதே அறிவியல் வழி. ஒரு சிறிய மோட்டார் சைக்கிளைக் கொண்டு அவ்வழியை இப்பாடம் விளக்குகிறது.

விடியற்காலைச் சிக்கல்

கிழக்குப் பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்து அமைந்த பகுதி ஜீவனஹள்ளி. மழைக்காலத்தில் ஒரு நாள், அங்கு வீடுதோறும் நாளிதழ் போடும் இளைஞர் ஒருவர் விடியற்காலையில் தம் பழைய 100 சிசி வண்டியை எடுத்தார். ஊருக்குச் சென்றிருந்ததால் இரண்டு வாரம் அது திறந்த வெளியில் நின்றிருந்தது. பலமுறை கிக்கரை உதைத்தும் பயனில்லை. சோக்கை இழுத்தபோது எஞ்சின் ஓடியது. சோக்கை விடுவித்ததும் நின்றது. “கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்” என்றார் வழியில் சென்ற ஒருவர். அதற்கான பணம் இளைஞரிடம் இல்லை. நாளிதழ் நேரத்திற்குச் சேராவிட்டால் அன்றைய வருவாயும் இல்லை.

அதே தெருவில் வாழ்ந்த முதிய மெக்கானிக் ஒருவர் அருகில் வந்தார். “தம்பி, உதைப்பதை நிறுத்து. எப்படி நின்றது என்று முதலில் சொல்” என்றார்.

கார்புரேட்டரின் பணி

எஞ்சின் இயங்க மூன்று தேவை: சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், அக்கலவையை அழுத்தும் திறன், உரிய நேரத்தில் தீப்பொறி. இவற்றுள் முதலாவதைக் கார்புரேட்டர் தருகிறது. கலப்பற்ற 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும்.

கார்புரேட்டரின் நடுவில் குறுகலான காற்றுவழி உண்டு. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அதனால் கீழுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலெழுந்து காற்றில் சிதறுகிறது. கிண்ணத்தில் உள்ள மிதவை, பெட்ரோல் போதிய அளவு நிரம்பியதும் உயர்ந்து, ஊசி போன்ற அடைப்பானால் வழியை மூடுகிறது.

பெட்ரோல் செல்லும் நுண்துளைப் பித்தளைத் துண்டுகளுக்கு ஜெட் என்று பெயர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சிறு ஜெட்டும், வேகமாக ஓடும்போது பெரிய ஜெட்டும் முதன்மையாகப் பயன்படுகின்றன. சோக் என்பது காற்றைக் குறைத்தோ பெட்ரோலைக் கூட்டியோ கலவையைச் செறிவாக்கும் அமைப்பாகும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆகவே, பெங்களூரின் மார்கழிக் காலைகளில் சோக் தேவைப்படுவது இயல்பே.

எளியதிலிருந்து தொடங்குதல்

மெக்கானிக் முதலில் தொட்டியைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் இருந்தது. அடுத்து பெட்ரோல் திருகைச் சோதித்தார். தொட்டிக்குள் உயரமான குழாயின் வழியே வழக்கமான பெட்ரோலும், அடியிலுள்ள துளையின் வழியே ரிசர்வ் பெட்ரோலும் வருகின்றன. ஆதலால் பெட்ரோல் குறைந்ததும் திருகை ரிசர்வுக்கு மாற்ற வேண்டும். இங்கு அந்தக் குறையும் இல்லை.

பிறகு ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் பெட்ரோலைப் பிடித்தார். தடையின்றி வந்தது. சொட்டுச் சொட்டாக வந்திருந்தால், வடிகட்டி அடைபட்டிருக்கலாம். அல்லது தொட்டி மூடியின் காற்றுத்துளை மூடியிருக்கலாம். காற்று உள்ளே புகாவிடில் பெட்ரோல் வெளியே வராது. அத்தகைய வண்டி சிறிது தூரம் ஓடி நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் மீண்டும் ஓடும்.

ஸ்பார்க் பிளக்கும் சான்று கூறும். அதன் முனை நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. கரி படிந்திருந்தால் கலவை செறிவு. வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைவு. இளம்பழுப்பு நிறமாயின் கலவை சரி. இந்த வண்டியின் பிளக் வெளிறியிருந்தது. சோக் இருந்தால் மட்டுமே ஓடுகிறது என்னும் குறியும் அதனோடு பொருந்தியது. சிறு ஜெட்டின் வழியே பெட்ரோல் வரவில்லை என்று அவர் கணித்தார்.

புட்டி சொன்ன உண்மை

மிதவைக் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, வடிந்ததை வேறொரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தார். சிறிது நேரத்தில் அது இரண்டு அடுக்குகளாகப் பிரிந்தது. “அண்ணா, அடியில் இருப்பது என்ன?” என்றார் இளைஞர். “மழைநீர்” என்றார் அவர்.

நீர் பெட்ரோலைவிட அடர்த்தி மிக்கது. ஆதலால் அடியில் தங்கும். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஓரளவு நீரை ஈர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் படியும். அந்நீரே சிறு ஜெட்டை அடைத்திருந்தது. தொட்டி மூடியின் ரப்பர் வளையம் கிழிந்திருந்ததால் மழைநீர் உட்புகுந்தது என்பதும் தெரிந்தது.

தொட்டியும் கிண்ணமும் வடிக்கப்பட்டன. ஜெட் காற்றழுத்தத்தால் தூய்மை செய்யப்பட்டது. கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிக் கலவை கெடும் என்பதால் அவர் கம்பியைத் தொடவில்லை. புதிய ரப்பர் வளையம் பொருத்தியதும் வண்டி சோக் இன்றியே ஓடியது. அன்று நாளிதழ்கள் சற்றுத் தாமதமாயினும் உரிய வீடுகளைச் சேர்ந்தன.

எச்சரிக்கை
பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். எஞ்சின் குளிர்ந்த பின், திறந்த வெளியில், தீயோ புகையோ இல்லாத இடத்தில், பெரியவர் துணையுடன் மட்டுமே இப்பணி நடைபெற வேண்டும். வாயால் பெட்ரோலை உறிஞ்சுதல் கூடாது. வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றுதலும் கூடாது.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் உட்செலுத்தும் கருவி பெற்றது. எனினும், பழைய வண்டிகளை நம்பிப் பிழைப்போர் இன்றும் பலர். கருவி மாறினாலும், எளிய காரணத்தை முதலில் ஆராயும் முறை மாறுவதில்லை.

சொல்லும் பொருளும்
செறிவு – அடர்த்தி
சான்று – ஆதாரம்
கணித்தல் – ஆய்ந்து முடிவுசெய்தல்

பயிற்சி

அ. பொருத்துக.
1. நனைந்த பிளக் – நீர் கலந்த பெட்ரோல்
2. வெளிறிய பிளக் – பெட்ரோல் மிகுதி
3. புட்டியில் இரண்டு அடுக்கு – காற்று புகாமை
4. மூடியின் துளை அடைப்பு – பெட்ரோல் குறைவு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மிதவையின் பணி யாது?
2. ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது, ஏன்?
3. சிறு ஜெட்டில்தான் குறை என மெக்கானிக் எவற்றைக் கொண்டு கணித்தார்?

இ. ‘எரிபொருள்’ – இஃது எவ்வகைத் தொகை?

ஈ. சிந்தித்து எழுதுக.
கிண்ணத்து நீரை மட்டும் வடித்து, ரப்பர் வளையத்தை மாற்றாமல் விட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?