புல்லுக்கு மாற்று ஆட்டக்காரர் இல்லை

2017 ஜூலையில் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் ஐந்து நாளுக்குள் மூன்று காற்பந்தாட்டங்கள் நடந்தன. 25ஆம் தேதி பயர்ன் மியூனிக் செல்சியை 3-2 என வென்றது. 27ஆம் தேதி இன்டர் மிலான் பயர்னை 2-0 என வீழ்த்தியது. 29ஆம் தேதி அதே இன்டர், செல்சியையும் 2-1 என மடக்கியது. மூன்றும் அனைத்துலக வெற்றியாளர் கிண்ணப் போட்டியைச் சேர்ந்தவை. லீக் பருவம் தொடங்குமுன் ஐரோப்பியக் குழுக்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஆடும் நட்புமுறை ஆட்டங்கள். இவற்றில் பயிற்றுநர்கள் தாராளமாக ஆளை மாற்றுவார்கள். இடைவேளைக்குப் பிறகு பாதி அணியே புதிதாக இறங்குவதும் உண்டு. மூன்று ஆட்டத்தையும் ஒரு நிமிடம் விடாமல் ஆடியது தரையில் இருந்த புல் மட்டும்தான்.

வீரர்களின் பாடும் லேசானதல்ல. ஓடும் உடம்பு செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது, மீதியெல்லாம் வெப்பம். அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். சொட்டிக் கீழே விழுந்தாலோ பயனில்லை. தோலில் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் காற்றில் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆவியாகும் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வெப்பநிலை 18 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று இருக்கும் லண்டன் மாலையோடு, 29 டிகிரியும் 80 விழுக்காடுமாக இருக்கும் சிங்கப்பூர் இரவை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், இங்கே அந்த வித்தியாசம் ஏறக்குறையப் பாதிதான் வருகிறது. சட்டை பிழியப் பிழிய நனைந்தாலும் உடம்பு குளிராததற்குக் காரணம் இதுவே. ஒன்றிரண்டு வாரம் இங்கேயே பயிற்சி செய்தால் உடம்பு பழகிக்கொள்ளும்: இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். ஆனால் குழுக்கள் சில நாளிலேயே விமானம் ஏறிவிடுகின்றன.

புல் எங்கேயும் போக முடியாது. அதற்குச் சூடு ஒரு பக்கம், நிழல் மறுபக்கம்.

2014இல் திறக்கப்பட்ட இந்த அரங்கின் கூரை 310 மீட்டர் விட்டமுள்ள கவிகை. இடையில் தூண் இல்லாமல் நிற்கும் கவிகைகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் நடுப்பகுதி திறந்து மூடும். 55,000 பேர் மழை வெயில் கவலையின்றி உட்காரலாம். இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்காற்றும் வரும். பார்க்க வருபவருக்குக் கிடைக்கும் நிழல் முழுவதும் புல்லிடமிருந்து பறித்த வெளிச்சம்.

வெளிச்சத்தைப் பயன்படுத்தும் விதத்தில் புல்லினம் இரண்டு கட்சி. நெல்லும் கோதுமையும் ஒரு கட்சி. ஐரோப்பியத் திடல்களில் வளரும் ரை புல்லும் அதைச் சேர்ந்தது. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இவற்றின் நொதி, சூடு ஏறினால் ஆக்சிஜனைத் தவறுதலாகப் பிடித்து ஆற்றலை வீணாக்கும். சூடான இரவுகளில், பகலில் சேர்த்த சர்க்கரையை இவை சுவாசத்திலேயே கரைத்துவிடும். 15 முதல் 24 டிகிரி வரைதான் இவற்றுக்குச் சுகம்.

கரும்பு, சோளம், மக்காச்சோளம் மற்றக் கட்சி. விநாயகர் சதுர்த்திக்குச் சிராங்கூன் சாலைக் கடைகளில் பிள்ளையாருக்காக வாங்குகிறோமே, அந்த அருகம்புல்லும் இதில்தான் இருக்கிறது. வெப்ப நாடுகளின் விளையாட்டுத் திடல்களில் பெர்முடா புல் என்ற பெயரில் பரவியிருப்பது இந்த அருகும் அதன் கலப்பினங்களும். தரைக்கு மேலும் கீழும் தண்டை ஓட்டி, பூட்ஸ் கிழித்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். 30 டிகிரிக்கு மேலும் செழிக்கும். இலைக்குள் கரியமில வாயுவைச் செறிவாக்கி நொதிக்கு ஊட்டும் ஓர் ஏற்பாடு இதற்கு உண்டு. மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைப்பது போன்ற வேலை அது. மின்சாரம் வரும்வரை கொண்டாட்டம். அந்த மின்சாரம் சூரிய ஒளி. நிழல் விழுந்தால் அருகு மெலிந்து, அடர்த்தி குறைந்து, தரை தெரிய ஆரம்பிக்கும்.

ஆக, சிங்கப்பூரின் சூட்டைத் தாங்கும் புல்லுக்கு நிழல் ஆகாது. நிழலை ஓரளவு பொறுக்கும் முதல் கட்சிப் புல்லுக்குச் சூடு ஆகாது. கவிகைக்கு அடியில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இதன் விளைவை உலகமே பார்த்தது. 2014 அக்டோபர் 14 அன்று இங்கே பிரேசில் ஜப்பானை 4-0 என வென்றது. நான்கு கோலும் நெய்மார் அடித்தவை. ஆனால் அவரது ஆட்டத்துக்கு நிகராகப் பேசப்பட்டது, திட்டுத் திட்டாக மணல் தெரிந்த திடல். செயற்கை இழைகளை மண்ணுக்குள் ஆழமாகத் தைத்து, அவற்றைச் சுற்றிப் புல்வேரைப் பின்னவிடும் கலப்புத் தரை அது. வேர் பின்னுவதற்குப் புல் செழிக்க வேண்டுமே! 2015இல் வேறு வகைப் புல்தரை போடப்பட்டது. அந்த ஜூலையில் அதன்மேல் நடந்த பார்க்லேஸ் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆர்சனல் எவர்ட்டனை 3-1 என வென்றது.

புல்லுக்கு ஒளியூட்டும் விளக்குகளும் வந்தன. சக்கரம் வைத்த நீண்ட சட்டங்களில் வரிசையாக விளக்குகளைப் பொருத்தி, ஆட்டமில்லாத நேரத்தில் திடலின் மேல் பகுதி பகுதியாக நகர்த்துவார்கள். வட ஐரோப்பாவில், குளிர்காலச் சூரியன் பார்வையாளர் மாடங்களுக்குமேல் எழும்பாத மாதங்களுக்காகப் பரவிய உத்தி அது. அங்கே சூரியன் தாழ்ந்துவிடுவதால் விளக்கு வைக்கிறார்கள். பூமத்தியரேகையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில், உச்சிவெயில் ஆண்டு முழுதும் கொளுத்தும் ஊரில், மனிதருக்குப் போட்ட கூரைக்காக வைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை ஐரோப்பியக் குழு ஏதேனும் இங்கே ஆட வந்தால், கோல் வாசலருகே சற்றுக் கவனியுங்கள். பந்து துள்ளும்போது மணல் தெறிக்கிறதா, வீரர் சட்டென்று திரும்பும்போது தரை பெயர்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், அந்தப் புல்லுக்கு அதுவரை போதிய வெளிச்சம் கிடைத்திருக்கிறது.