சம்மனசு மீனை மலையில் வளர்க்கலாமா?

(பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

மூடுபனியும் குறிஞ்சியும் நம் பழனி மலைக்கு உரியவை. அலையும் பவளப் பாறையும் கடலுக்கு உரியவை. இவ்விரண்டையும் ஒரே வீட்டுக்குள் சேர்த்துவிட முடியுமா? முடியும் என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மதுரையில் என் மாமா வீட்டு முன்னறையில் கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அங்கே சென்றிருந்தபோது, அத்தொட்டியில் புதிதாக ஒரு மீன் நீந்திக்கொண்டிருந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கருநீல உடலில் வளையத்துக்குள் வளையமாக வெள்ளைக் கோடுகள்! “இதற்கு எம்பரர் ஏஞ்சல் என்று பெயர்” என்றார் மாமா. அருகில் இருந்த அம்மாச்சி, “ஏஞ்சல் என்றால் நம் சம்மனசுதானே!” என்றார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குச் சம்மனசு மீன் என்பதே பெயராயிற்று.

கோடைக்கானலுக்குத் திரும்பியதும், எனக்கும் அப்படி ஒரு தொட்டியும் ஒரு சம்மனசு மீனும் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா மறுக்கவில்லை. “அந்த மீனுக்கு என்னென்ன வேண்டும் என்று முதலில் எழுதிக்கொண்டு வா. பிறகு பார்ப்போம்” என்றார். பள்ளி நூலகத்தில் படித்தும், உயிரியல் சிஸ்டரிடம் கேட்டும், மாமாவுக்குக் கடிதம் எழுதியும் நான் தயாரித்த அந்தக் குறிப்பையே தோழியரும் அறியட்டும் என்று இங்கே தருகிறேன்.

யார் இந்தச் சம்மனசு?

கடைகளில் ஏஞ்சல் என்ற பெயரில் வேறொரு மீனும் விற்கப்படுகிறது. அது தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த நன்னீர் மீன். அதற்கும் நாம் பேசும் கடல் மீனுக்கும் உறவில்லை. கடல் ஏஞ்சல்களில் ஏறக்குறைய 90 இனங்கள் உள்ளன. வண்ணத்துப்பூச்சி மீன்களைப் போலவே இவையும் தட்டையான உடலும் பல நிறங்களும் உடையவை. ஆயினும் ஓர் அடையாளம் உண்டு. ஏஞ்சலின் செவுள் மூடியின் கீழ்முனையில் வலிய முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். வண்ணத்துப்பூச்சி மீனுக்கு அது கிடையாது.

எம்பரர் ஏஞ்சல் செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை வாழ்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. 1787-ஆம் ஆண்டு பெர்லின் நகர மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிளாக் என்பவர் இதற்குப் ‘பேரரசன்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். நம் தரங்கம்பாடியில் மறைப்பணி ஆற்றிய ஜான் என்பவர், கரையில் கிடைத்த பல மீன்களைப் பதப்படுத்தி இதே பிளாக்குக்கு அனுப்பி வந்தார் என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி.

இம்மீன் வளர வளர வெள்ளை வளையங்கள் மறைந்து, நீலமும் மஞ்சளுமான நீண்ட கோடுகள் தோன்றும். குஞ்சும் தாயும் இவ்வளவு வேறுபட்டிருந்ததால், குஞ்சை வேறோர் இனம் என்றே எண்ணி, 1801-இல் வெளிவந்த நூலில் நிக்கோபார் தீவின் பெயரை அதற்கு இட்டார்கள். இரண்டும் ஒரே மீன்தான் என்பது தெளிவாக நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வளர்ந்த மீன் தன் எல்லைக்குள் தன்னைப் போன்ற மற்றொன்றை விடாமல் துரத்தும். குஞ்சின் உருவம் வேறாக இருப்பது அந்தக் கோபத்திலிருந்து அதைக் காக்கிறது என்று அறிஞர் கருதுகின்றனர்.

தொட்டியும் உப்பும்

நான் முதலில் மனத்தில் வைத்திருந்தது 4 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி. அதில் ஏறக்குறைய 250 லிட்டர் நீர் கொள்ளும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆகவே ஒருமுறை நிரப்பவே 9 கிலோ உப்பு தேவை. சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவையும் உரிய அளவில் கலந்துள்ளன. அவை சேர்ந்த தனி உப்பையே வாங்க வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது நல்லது.

தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விட்டுவிடலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட் ஆக்கும். நம் தோட்டத்துக் குப்பை எருவாக மாறக் காலம் ஆவதைப் போல, இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை வேண்டும். எம்பரர் ஏஞ்சல் போன்ற மென்மையான மீன்களை அதற்குப் பின்னும் சில மாதங்கள் கழித்து விடுவதே நலம்.

இன்னொன்றும் உண்டு. தீப்பெட்டி அளவுள்ள குஞ்சு அப்படியே இருந்துவிடாது. நன்கு வளர்ந்த எம்பரர் ஏஞ்சல் 40 சென்டிமீட்டர் வரை நீளும். அதற்கு 7 அடி நீளமும், 2 அடி அகலமும், 2 அடி உயரமும் உள்ள தொட்டியாவது வேண்டும். அதில் கொள்ளும் நீரின் எடை மட்டும் ஏறத்தாழ 800 கிலோ. எங்கள் வீட்டு மரத்தளம் அதைத் தாங்குமா என்று அப்பா கேட்டபோது, நான் பதில் சொல்லவில்லை.

மலை வீட்டின் இடர்கள்

நம் ஊர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால்தான் நம் வீட்டில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாவிட்டால் பருப்பு எளிதில் வேகாது. இது நம் தாய்மார் அனைவரும் அறிந்ததே. அழுத்தம் குறையும்போது நீரில் கரையும் பிராணவாயுவும் குறையும் என்பதைத்தான் நான் அறிந்திருக்கவில்லை. 25 டிகிரி வெப்பமுள்ள கடல்நீரில், கடற்கரையில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் பிராணவாயு கரையும். இங்கோ 5.3 மில்லிகிராம் அளவே கரையும். காற்றுக் குழாயும் நீரைச் சுழற்றும் பம்பும் இரவு பகல் ஓய்வின்றி ஓடினால்தான் அந்த அளவாவது நிலைக்கும்.

குளிரோ அதனினும் பெரிய இடர். இம்மீனுக்கு நீரின் வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரை மாறாமல் இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நம் மலையில் வெளிக்குளிர் 10 டிகிரிக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே மின்சூடேற்றி அணையவே கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரங்கள் விழுந்து, சாலைகள் அடைபட்டு, நம் மலையில் மின்சாரமே இல்லாமல் போனது நினைவிருக்கும். மின்கலம் காற்றுக் குழாயைச் சில மணி நேரம் ஓட்டும். 250 லிட்டர் நீரை இரவு முழுவதும் சூடாக வைத்திராது.

1909-ஆம் ஆண்டு சென்னையில் கடல்மீன் காட்சிசாலை திறக்கப்பட்டபோது, அதை அமைத்த எட்கர் தர்ஸ்டன் அதற்குத் தேர்ந்த இடம் மெரினா கடற்கரை. கடல்மீனைக் காட்ட விரும்பியவர் கடலோரத்தையே நாடினார். நானோ மலை உச்சியை நாடினேன்!

உணவுதான் உயிர்

பவளப் பாறையில் எம்பரர் ஏஞ்சல் தின்பது பெரும்பாலும் கடற்பஞ்சுகளையும், பாறையில் ஒட்டி வாழும் மெல்லுடல் உயிர்களையும், பாசியையும்தான். நாள் முழுவதும் இங்கொரு கடி, அங்கொரு கடி என்று மேய்ந்துகொண்டே இருக்கும். தொட்டியில் அந்தக் கடற்பஞ்சு ஏது? இறால் துணுக்கு, கடற்பாசி, கடற்பஞ்சு கலந்த உறைந்த தீவனம் ஆகியவற்றை நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். சில மீன்கள் பழகும், சில பழகா. இக்குடும்பத்தின் மற்றோர் அழகியான ரீகல் ஏஞ்சல், உணவு முன்னால் கிடந்தும் தொடாமலே மெலிந்து இறந்துபோவதற்குப் பேர்போனது.

மாமாவின் சம்மனசுக்கும் அதுவே நேர்ந்தது. முதல் வாரம் பாறை இடுக்கை விட்டு அது வெளியே வரவில்லை. இரண்டாம் வாரம் வந்தது. ஆனால் போட்ட உணவை வாயில் வாங்கி உடனே துப்பிவிட்டது. மூன்றாம் வாரம் அதன் வயிறு உள்ளொடுங்கிப் போயிற்று. “அழகாக இருக்கிறதே என்று வாங்கினேன். என்ன தின்னும் என்று கேட்காமல் வாங்கிவிட்டேன்” என்று மாமா கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

பவளமும் சட்டமும்

உயிருள்ள பவளத்தோடு கூடிய தொட்டியே என் கனவாக இருந்தது. ஆனால் எம்பரர் ஏஞ்சல் பவளத்தையும் கொறிக்கும். ஒரே தொட்டியில் இரண்டையும் வைத்துக் காப்பது அரிது. அன்றியும், நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்குரிய அதே பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. ஒரு துண்டை எடுத்து வருவதும் குற்றமே.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. அதற்கு முன் பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அங்கே பவளம் வெட்டப்பட்டது. பாறை என்னும் வேலி போனதும் அலை தீவுகளை அரித்தது. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் மிகச் சூடாகி, எஞ்சிய பவளங்களும் வெளுத்தன. பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசி, வெப்பம் மிகுந்தால் வெளியேறிவிடுகிறது. அதனால் பவளம் வெளுத்து, பட்டினி கிடக்கிறது. சம்மனசின் வீடும் அதுவே, உணவுக் களமும் அதுவே.

தொட்டிக்கு எப்படி வருகிறது?

நாம் விலை கொடுத்து வாங்கும் எம்பரர் ஏஞ்சல் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டதுதான். பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் 1960-களில் தொடங்கி, சயனைடு நஞ்சை நீரில் பீச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. அந்நஞ்சு மீனின் உள்ளுறுப்புகளைக் கெடுக்கிறது. அருகிலுள்ள பவளத்தையும் கொல்கிறது.

தொட்டியிலேயே இனம் பெருக்கலாமே என்றால், அதுவும் எளிதன்று. இவை அந்தி நேரத்தில் நீர்ப்பரப்பை நோக்கி எழுந்து முட்டையிடும். முட்டைகள் மிதந்து போகும். பொரிந்த குஞ்சின் வாய் மிகச் சிறியது. அது தின்னத்தக்க நுண்ணுயிர்களை வளர்ப்பதே பெரும் பாடு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளில் சில சிறிய ஏஞ்சல் இனங்களைப் பெருக்கினர். கோமாளி மீன் அப்படியன்று. அது பாறையில் முட்டையிட்டுத் தானே காவல் காக்கும். குஞ்சும் சற்றுப் பெரியது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலும் கோமாளி மீன்களை வெற்றியுடன் பொரிக்கச் செய்திருக்கிறார்கள். கடல்மீன் வளர்த்தே தீர வேண்டும் என்பவர்கள், இவ்வாறு பண்ணையில் பிறந்த மீனையும், சிமெண்டால் செய்த பாறையையும் கேட்டு வாங்கலாம்.

என் முடிவு

இவ்வளவையும் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை அணிந்து முழுவதும் படித்தார். பிறகு, “சரி, வாங்கலாமா?” என்று கேட்டார். “வேண்டாம் அப்பா” என்றேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது உண்மை.

தொட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கோடை விடுமுறையில் அப்பா எங்களை மண்டபம் பக்கம் அழைத்துச் சென்றார். பிரப்பன்வலசையில் அடிப்பகுதி கண்ணாடியாலான படகில் ஏறினோம். கீழே பவளங்கள் தெரிந்தன. அவற்றினிடையே கோடு போட்ட சிறு மீன்கள் கூட்டமாகப் பாய்ந்தன. நான் தேடிய சம்மனசு மட்டும் அன்று எங்களுக்குத் தென்படவில்லை. எனினும், அது எங்கோ கடற்பஞ்சைக் கொறித்துக்கொண்டு நலமாக இருக்கும் என்று எண்ணியபோது எனக்கு வருத்தம் தோன்றவில்லை. மாமாவின் தொட்டியில் இப்போது பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள் வாழ்கின்றன. தினமும் மாமாவின் கை தெரிந்ததும் மேலே வந்து உண்கின்றனவாம்.

தோழியரே! கிளியோ, முயலோ, மீனோ, எதையேனும் வளர்க்க ஆசை வந்தால், அது எனக்கு என்ன தரும் என்று கேட்பதற்கு முன், அதற்கு நான் என்ன தர முடியும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தர முடிந்ததை வளர்ப்போம். தர முடியாததை, ஆண்டவர் அதற்கென அமைத்த இடத்திலேயே வாழ விடுவோம்.