வீட்டுக் கேரம் போர்டு கடைக்குப் போகுமா?

சாயங்காலம் ராயபுரம், காசிமேடு, புது வண்ணாரப்பேட்டைப் பக்கம் போனால் தெருமுனையில் ஒரு பல்பு எரியும். அதன் கீழே ஒரு கேரம் போர்டு இருக்கும். நாலு பேர் ஆட, எட்டுப் பேர் யோசனை சொல்வார்கள். "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு.

ஆனால் புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று வந்தார். அவருக்கு முன்பே, 2008-ல், வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். பன்னாட்டு கேரம் சம்மேளனம் பிறந்ததும் நம் சென்னையில்தான், 1988-ல்.

ஆட இத்தனை பேர் இருக்கும்போது, போர்டு செய்வதை ஏன் வீட்டுத் தொழிலாக்கக் கூடாது? தச்சு வேலை தெரிந்த கணவரோ, தம்பியோ, ஏன், நீங்களே கூட ஒரு போர்டு செய்துவிடலாம். அதைக் காசு கொடுத்து வாங்கும் சரக்காக மாற்றுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அளவு தப்பினால் ஆட்டம் தப்பும்

"கேரம் போர்டுதானே, ஒரு பலகை, நாலு சட்டம், நாலு ஓட்டை!" என்று நினைத்துவிடாதீர்கள். போட்டி போர்டில் ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். பலகை 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மூலைக் குழியின் குறுக்களவு 4.45 சென்டிமீட்டர். ஆடுபவர் முன்னால் உள்ள கோடு 47 சென்டிமீட்டர் நீளம். காய் ஒவ்வொன்றும் 5 முதல் 5.5 கிராம் எடை. ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. தந்தத்திலும் உலோகத்திலும் செய்த ஸ்ட்ரைக்கருக்கு அனுமதி இல்லை.

வழவழப்புக்கும் ஒரு சோதனை உண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால், சட்டத்துக்குச் சட்டம் மூன்றரை முறை போய் வர வேண்டும்.

இதெல்லாம் வீண் கெடுபிடி இல்லை. குழி கொஞ்சம் பெரிதாக இருக்கும் போர்டில் ஒரு பெண் ஒரு வருஷம் பழகினால், போட்டிக்குப் போன அன்று அவள் காய் விளிம்பில் இடித்துத் திரும்பும். அவள் உழைப்பெல்லாம் வீண். செய்கிறவருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

உப்புக் காற்றும் மரமும்

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் முழுக்கக் கடற்காற்று. அதிலுள்ள ஈரத்தை மரம் குடித்துக்கொண்டே இருக்கும். பழைய பெட்டிப் பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிச் செய்தால், அடுத்த ஐப்பசி மழைக்குள் நடுவில் வளைந்துவிடும். மேல் பரப்புக்கு நல்ல ப்ளைவுட்டும், சட்டத்துக்கு நன்றாக உலர்ந்த மரமும் வாங்குங்கள். போர்டுக்கு அடியில் குறுக்குக் கட்டைகள் கொடுத்தால் பலகை தொய்யாது. மேல் பக்கம் மட்டும் வார்னிஷ் பூசி அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஈரம் அந்த வழியாக ஏறிவிடும். இரண்டு பக்கமும் பூச வேண்டும்.

ஒன்று செய்வது வேறு, ஐம்பது செய்வது வேறு

முதல் போர்டை அளந்து அளந்து செய்வோம். ஐம்பதாவதும் அதே மாதிரி இருக்க வேண்டுமானால் கண்ணையும் கையையும் மட்டும் நம்பக் கூடாது. குழி வெட்ட ஒரு மாதிரித் தகடு செய்துகொள்ளுங்கள். சட்டத்தின் மூலைகளைச் சாய்வாக அறுக்க ஓர் அச்சுக்கட்டை வேண்டும். கோடுகளைக் கையால் வரையாமல் ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் அடித்தால் எல்லாம் ஒரே அச்சாக வரும். நம் வீட்டில் முறுக்குக்கு அச்சு வைத்திருப்பதும் இதே காரணத்துக்குத்தானே!

எடுத்த எடுப்பில் நூறு செய்யாதீர்கள். பத்து செய்து, பக்கத்து கேரம் கிளப்பில் ஒரு மாதம் ஆடக் கொடுங்கள். மூலை விட்டுப்போகிறதா, எங்கே காய் தேங்குகிறது, வார்னிஷ் உரிகிறதா என்று ஆடுகிறவர்களே சொல்லிவிடுவார்கள். திருத்திய பிறகு கடைக்குப் போகலாம்.

மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது. உப்புத்தாள் போடும்போது மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் அவசியம். கைக்குழந்தையை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

பவுடர் டப்பா ஜாக்கிரதை!

இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் பார்க்க முகப் பவுடர் போலவே இருக்கும். வயிற்றுக்குள் போனால் விஷம். வாந்தி, பேதி, தோல் சிவந்து உரிவது, பெரிய அளவானால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். ஒரு காலத்தில் குழந்தைப் பவுடரில்கூட போரிக் சேர்த்து வந்தார்கள். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகு அது கைவிடப்பட்டது. நீங்கள் போர்டோடு பவுடரும் விற்பதானால் பொட்டலத்தின் மேல் தமிழில் எச்சரிக்கை அச்சிடுங்கள். வீட்டு விளையாட்டுக்கு மட்டும் என்றால் சோளமாவு போதும்.

குழந்தை தின்றுவிட்டால் கையை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் பொட்டலத்தோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். கேரம் காயும் மூன்று செ.மீ.தான், தவழும் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். ஆட்டம் முடிந்ததும் பத்தொன்பது காய்களையும் எண்ணி எடுத்து வைப்பது நல்லது.

கணக்கும் பதிவும்

விலை வைக்கும்போது மரம், ப்ளைவுட், வார்னிஷ் விலையோடு நிறுத்திவிடாதீர்கள். வீணான பலகை, கரண்ட், வண்டிக் கூலி எல்லாம் சேர்க்க வேண்டும். முக்கியமாக, உங்கள் கூலி! "வீட்டிலேதானே இருக்கேன்" என்று அதை விட்டுவிடுகிற பெண்கள்தான் ஆறு மாதத்தில் கடையை மூடுகிறார்கள்.

சிறுதொழில் என்று பதிவு செய்ய 'உத்யம்' என்ற முறை 2020 முதல் இருக்கிறது. ஆதார் எண்ணோடு பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். சின்னக் குழந்தைகளுக்கான பொம்மையும் சேர்த்துச் செய்வதானால், 2021 முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதை நினைவில் வையுங்கள்.

போர்டின் அடியில் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதிக் கொடுங்கள். பழுது என்று வந்தால் முகம் சுளிக்காமல் சரிசெய்து கொடுங்கள். கடை விளம்பரத்தைவிட தெருமுனைப் பேச்சு வேகமாகப் பரவும். அந்தத் தெருமுனையில் ஆடும் அடுத்த பெண் உங்கள் போர்டில் பழகியவளாக இருக்கட்டும்!